தேனீ அடிக்கும் அபாயமணி



ஜொகூர் மாநிலத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணி புரிகின்றவர்கள் நாங்கள். ஒரு பள்ளி விடுமுறையில் மாணவர் இருபது பேரை அழைத்துக்கொண்டு, ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்று வந்தோம். அங்கே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியும், அதை ஒட்டி எங்கள் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியுமே இன்றைய பேச்சுக்கு வித்து.

காலையில் குட்டி இந்தியாவுக்குப் போனோம். அங்குள்ள தேக்கா சந்தையை அறியாத தமிழர் இந்த வட்டாரத்தில் குறைவு. 1915-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பழைய சந்தை, 1982-இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு இடம் மாறியது. அதற்கு எதிரே பஃபலோ சாலையில் பூமாலைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மல்லிகையும் சாமந்தியும் தாமரை மொட்டும் குவிந்து கிடக்க, பக்கத்தில் வாழைத்தார்கள் தொங்கும். பூ இருக்கும் இடத்திற்குத் தேனீ வராமல் இருக்குமா? ஒரு மாலையின் மீது நாலைந்து தேனீக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. எங்கள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தொப்பியால் ஓங்கி அடித்தான். தேனீ அவன் விரலில் கொட்டிவிட்டது.

பையன் அலறினான். நாங்கள் பதறிப்போய், "எல்லாரும் ஓடுங்க, ஓடுங்க!" என்று பிள்ளைகளை விரட்டினோம். கடைக்கார அம்மாளோ அசையவில்லை. பையனின் கையைப் பிடித்து, நகத்தால் கொடுக்கை வழித்து எறிந்து, வாளித் தண்ணீரில் விரலைக் கழுவிவிட்டார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எதுக்கு வாத்தியாரே ஓடுறீங்க? இங்க அதுக்கு வீடா இருக்கு? பூவுக்கு வந்துச்சு, போயிடும்."

அவர் சொன்னபடியே நடந்தது. வேறு ஒரு தேனீயும் எங்களைத் தொடவில்லை. அப்போதுதான் எங்களோடு வந்த ஆறாம் வகுப்பு மாணவி மெல்லக் கேட்டாள்: "சார், இவன ஒண்ணுதானே கொட்டுச்சு? எங்கம்மாவ மட்டும் ஏன் அத்தன தேனீ தொரத்தித் தொரத்திக் கொட்டுச்சு? எங்கம்மா என்ன தப்பு செஞ்சாங்க?"

அந்தக் கேள்வியின் பின்னால் இருந்த வலி எங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு அவளுடைய தாயார் வெளிக்காட்டு வேலையில், கூட்டத்தோடு புல்வெட்டப் போயிருந்தார். பாராங் கத்தி ஒரு கொடியில் பட, கொடி கிளையை இழுக்க, கிளையில் தொங்கிய மலைத்தேனீக் கூடு அசைந்தது. முதலில் ஒன்றிரண்டு தேனீக்களே வந்தன. ஒன்று கழுத்தில் கொட்டியது. அந்த அம்மாள் பட்டென்று அதன் மீதே அறைந்தார். அவ்வளவுதான், கருமேகம்போலப் படை இறங்கிவிட்டது. இருபதடி தள்ளி நின்ற பெண்களில் ஒருவரையும் அவை தீண்டவில்லை. காட்டைத் தாண்டி லயம் வரைக்கும் இவரையே துரத்தின. தூக்க ஓடியவர்களும் கொட்டுப்பட்டார்கள். மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்து, நல்லவேளையாக உயிர் பிழைத்து வந்தார்.

ஆனால் ஊர்வாய் சும்மா இருக்கவில்லை. "இத்தனை பேர் நிற்க இவளை மட்டும் ஏன் பிடித்தது?" என்றார்கள். சாமி குற்றம் என்றார் ஒருவர். தீட்டோடு போயிருப்பாள் என்றார் இன்னொருவர். அந்த அம்மாள் கோயில் திருவிழாவுக்குக்கூட ஒதுங்கியே நின்றதை நாங்கள் கண்டோம். மகள் பள்ளியில் எங்களிடம் கேட்டபோது எங்களால் தக்க விடை சொல்ல இயலவில்லை. பூக்கடையில் அதே கேள்வி மறுபடி எழுந்தபோது, இனியும் வாய்மூடி இருப்பது ஆசிரியருக்கு அழகல்ல என்று உணர்ந்தோம். அதன்பின் தேடிப் படித்ததையே இங்கே உங்கள்முன் வைக்கிறோம்.

நேயர்களே, தேனீயின் சினத்தைப் பற்றி மனிதன் அறிந்துகொண்ட வரலாறு மிக நீண்டது. முதலில் அவன் காரணத்தை அறியவில்லை, மருந்தை மட்டும் அறிந்தான். அந்த மருந்து புகை. எகிப்து நாட்டில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியம் இருக்கிறது. அதில் ஒருவர் புகையும் சட்டியைக் கூட்டருகே பிடித்திருக்க, மற்றவர் தேனடையை எடுக்கிறார். நம் சங்கப் பாடல்களிலும் மலைமுகட்டில் மூங்கில் ஏணி சார்த்தித் தேன் எடுத்த மக்களைக் காண்கிறோம். மலாய் நாட்டின் கெடா காடுகளில் துவாலாங் என்னும் ஓங்கிய மரத்தில் தேன் எடுப்போர், நிலவில்லாத இரவில் தீப்பந்தத்தோடு ஏறுவது பழைய வழக்கம். புகை போட்டால் தேனீ அடங்கும் என்பதை உலகெங்கும் மக்கள் கண்டார்கள். ஏன் அடங்குகிறது என்பதை மட்டும் யாரும் அறியவில்லை.

காரணத்தின் முதல் நுனியைப் பிடித்தவர்களுள் ஒருவர் சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார். தேனீ வளர்ப்பைப் பற்றி 1609-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு தேனீ உங்களைக் கொட்டினாலோ, உங்கள் ஆடையைக் கொட்டினாலோகூட, உடனே அவ்விடம் விட்டு அகலுங்கள் என்று அதில் எழுதினார். கொடுக்கோடு வெளிப்படும் நஞ்சின் நாற்றத்தை முகர்ந்து மற்றத் தேனீக்கள் திரண்டு வந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். ஆடையைக் கொட்டினால்கூட என்ற சொல்லைக் கவனியுங்கள். படையை அழைப்பது கொட்டுப்பட்டவரின் வலியோ கூச்சலோ அன்று, நாற்றம் என்று நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டு எழுதிவிட்டார்.

கண்டதைச் சோதித்துப் பார்த்தவர் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் வாழ்ந்த பிரான்சுவா ஹூபர். இளமையிலேயே பார்வையை இழந்தவர் அவர். துணைவியார், மகன், உதவியாளர்கள் ஆகியோரின் கண்களைத் தம் கண்களாகக் கொண்டு தேனீக்களை ஆராய்ந்தார். 1814-இல் வெளிவந்த அவருடைய நூலின் இரண்டாம் பதிப்பில் ஒரு சோதனை வருகிறது. தேனீயின் உடலிலிருந்து பிடுங்கிய கொடுக்கை இடுக்கியில் பிடித்துக் கூட்டின் வாசலில் காட்டியதும், அதுவரை அமைதியாய் இருந்த தேனீக்கள் சினந்து எழுந்தன. அங்கே யாரும் கூட்டை ஆட்டவில்லை, எவரும் தேனீயைத் துன்புறுத்தவில்லை. கொடுக்கின் மணம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அந்த மணம் என்ன பொருள் என்று கண்டறிய மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. உயிர்கள் தம் இனத்தாருக்குச் செய்தி சொல்ல உடலிலிருந்து வெளிவிடும் வேதிப்பொருள்களுக்கு 1959-இல் கார்ல்சன், லூஷர் என்னும் இருவர் 'ஃபெரோமோன்' என்று பெயர் சூட்டினர். மூன்றே ஆண்டில், 1962-இல், போக், ஷியரர், ஸ்டோன் என்ற மூவர் கனடாவிலிருந்து ஒரு செய்தியை வெளியிட்டனர். தேனீயின் கொடுக்கிலிருந்து எழும் அபாய மணத்தின் முக்கியப் பொருள் ஐசோ அமைல் அசிட்டேட் என்பதே அது.

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். அதை நீங்கள் அனைவரும் முகர்ந்திருக்கிறீர்கள். கனிந்த வாழைப்பழத்தின் வாசனைக்கு முதன்மையான காரணம் அதே பொருள்தான். மிட்டாயிலும் குளிர்பானத்திலும் சேர்க்கும் வாழைப்பழ எசன்சிலும் அது உண்டு. நமக்குப் பசியைத் தூண்டும் வாசம், தேனீக்கு அபாயமணியாக அடிக்கிறது.

அந்த மணி அடிக்கும் விதத்தையும் அறிந்துகொள்வோம். தேனீயின் கொடுக்கில் மீன்தூண்டிலின் முள்போல எதிர்முட்கள் இருக்கின்றன. நம் தோலில் குத்தினால் திரும்ப எடுக்க முடியாது. தேனீ பறக்க முயலும்போது கொடுக்கும் நஞ்சுப் பையும் அதன் உடலிலிருந்து பிய்ந்து நம் தோலிலேயே தங்கிவிடுகின்றன. தேனீ இறந்துபோகும். ஆனால் அது விட்டுச்சென்ற கொடுக்கு தானாகவே துடித்து நஞ்சைச் செலுத்துவதோடு, அந்த மணத்தையும் காற்றில் பரப்பிக்கொண்டே இருக்கும். இருட்டில் ஒருவர் முதுகில் விளக்கை ஏற்றி வைத்ததுபோல, 'பகைவன் இங்கே இருக்கிறான்' என்று அடையாளம் காட்டிவிடும். அடுத்த தேனீ அதே இடத்தை நாடி வந்து கொட்டும். அதுவும் ஒரு விளக்கை ஏற்றும். மணம் மிகுந்தால் வருகிற படையும் மிகும்.

இது ஒன்று மட்டுமன்று. கூட்டின் வாசலில் காவல் நிற்கும் தேனீ, கொட்டுவதற்கு முன்பே வயிற்றுப் பின்பகுதியை உயர்த்தி, கொடுக்கு அறையைத் திறந்து, சிறகால் விசிறி மணத்தைக் கூட்டுக்குள் அனுப்பவல்லது. அதன் தாடைச் சுரப்பியிலும் வேறோர் எச்சரிக்கைப் பொருள் இருப்பது 1965-இல் தெரியவந்தது. பின்னர் ஆர்ஜென்டினா நாட்டு அறிவியலார் வியப்பான மற்றொன்றையும் வெளியிட்டனர். அபாய மணத்தை முகர்ந்த தேனீக்குத் துன்பத்தின் உணர்ச்சியே குறைந்துவிடுகிறதாம். வலியை மறந்து போரிடும் வீரனைப்போல அது ஆகிவிடுகிறது. அதனால்தான் கையால் விசிறியும் துணியால் அடித்தும் அதை அச்சுறுத்த முடிவதில்லை.

மேலைநாட்டுத் தேனீயில் கண்டது நம் நாட்டுத் தேனீக்களுக்கும் பொருந்துமா? பொருந்தும். ஆனால் சிறு வேறுபாடு உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொந்துகளில் கூடு கட்டும் பொந்துத் தேனீயும், உயர்ந்த கிளைகளில் ஒற்றை அடையாகப் பெருங்கூடு தொங்கவிடும் மலைத்தேனீயும் வாழ்கின்றன. மலைத்தேனீயின் கொடுக்கில் ஐசோ அமைல் அசிட்டேட்டோடு, அதைவிட மெதுவாக ஆவியாகும் இன்னொரு பொருளும் இருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். விரைவில் கலையும் மணம் படையை எழுப்பும். நெடுநேரம் நிற்கும் மணம் பகைவனை விடாமல் அடையாளம் காட்டும். மலைத்தேனீ நெடுந்தொலைவு துரத்துவது ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கம். மாணவியின் தாயாரை லயம் வரை படை தொடர்ந்த கதையை நினைத்துப் பாருங்கள். அவர் கழுத்தில் பதிந்த கொடுக்கும், நசுங்கிய தேனீயும், கொட்டுப்பட்ட சட்டையும் ஒவ்வோர் அடியிலும் அபாயமணியை அடித்துக்கொண்டே வந்தன. தூக்கச் சென்றவர்கள் கொட்டுப்பட்டதும் அதே மணத்தின் அருகே சென்றதால்தான்.

அப்படியானால் பூக்கடையில் ஏன் படை வரவில்லை? இங்கேதான் கடைக்கார அம்மாளின் ஒரு வரி நமக்குக் கைகொடுக்கிறது. 'இங்க அதுக்கு வீடா இருக்கு?' என்றாரே, அதுவே விடை. வீட்டில் அபாயமணி கேட்டால் தேனீ போருக்கு எழும். அங்கே காக்க வேண்டிய குஞ்சும் தேனும் அரசியும் இருக்கின்றன. பூவில் அதே மணி கேட்டால் தேனீ விலகி ஓடும். அங்கே காக்க ஒன்றுமில்லை, உயிரை இழப்பதுதான் மிச்சம். சீனாவின் யுன்னான் மாநிலத்து ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. இரை தேட வந்த பொந்துத் தேனீக்கள், தம் இனத்தல்லாத மலைத்தேனீயின் அபாய மணம் வைத்த உணவையும் தவிர்த்துவிட்டன. பக்கத்து வீட்டு மணி அடித்தாலும் எச்சரிக்கையாகும் அறிவு அவற்றுக்கு இருக்கிறது. அருகில் தார்தாராக வாழைப்பழம் தொங்கியும் தேக்காவில் போர் மூளாததும் இதனால்தான். ஒரே மணம், இரண்டு இடம், இரண்டு நடத்தை.

பிற்பகலில் நாங்கள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குச் சென்றோம். 1859-இல் தோன்றிய அந்தப் பூங்காவுக்கும் தோட்டத்து மக்களாகிய நமக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1877-இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த 22 பால்மரக் கன்றுகள் வந்திறங்கியது சிங்கப்பூரில்தான். 1888 முதல் 1911 வரை அப்பூங்காவை நடத்திய ரிட்லி என்பவர், மரத்தைக் கெடுக்காமல் பால்வெட்டும் முறையை வகுத்தார். நம் முன்னோர் கப்பலேறி வந்தது அந்த மரங்களை நம்பித்தான். பால்மரம் தளிர்விடும் காலத்தில் இலைக்காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியில் அந்த நீரை நம்பியே தேனீ வளர்த்துப் பிழைப்போர் பலர். ஆகவே பால்மரமும் தேனீயும் நாமும் ஒரே காட்டில் கூடி வாழ்பவர்கள். ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதே நல்லது.

பூங்காவில் ஓங்கிய மரக்கிளை ஒன்றில் மலைத்தேனீக் கூடு கரிய முறம்போலத் தொங்குவதைக் கண்டோம். அதன் கீழே பாதையில் மக்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். எவரும் கல்லெறியவில்லை, அதுவும் எவரையும் தீண்டவில்லை. அடுக்குமாடி வீடுகள் நெருங்கிய அந்நகரில் தேனீக்கள் மரத்திலும் சுவர் இடுக்கிலும் குடியேறுவது புதிதன்று. 2019 ஏப்ரல் முதல் விலங்குகள் தொடர்பான பொறுப்பு அங்கே தேசியப் பூங்காக் கழகத்திடம் இருக்கிறது. தேனீயைக் கண்டால் அடிக்காமல் அமைதியாக விலகிச் செல்லுங்கள் என்பதே அங்கே மக்களுக்குக் கூறப்படும் அறிவுரை. கூட்டைக் கொல்லாமல் எடுத்து வேறிடத்தில் குடிவைப்போரும் அங்கே இருக்கிறார்கள்.

இனி, புகையின் மர்மத்தையும் அவிழ்த்துவிடுவோம். 1995-இல் அமெரிக்க அறிவியலார் தேனீயின் உணர்கொம்பைச் சோதித்தனர். புகை பட்டபின் அந்த உணர்கொம்பு அபாய மணத்தை உணரும் திறன் குன்றியது. பத்து இருபது நிமிடத்தில் அது மெல்ல மெல்ல மீண்டது. எகிப்தியரும் குறவரும் கையில் எடுத்த பழைய மருந்து, மணியோசை கேட்காதபடி செய்யும் மருந்தே என்று அறிந்தோம். ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் தீப்பந்தத்தோடு கூட்டை நெருங்க வேண்டாம். அது பழகியவர் தொழில்.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. காட்டு வேலைக்குப் போகுமுன் சுற்றிலும் மேலும் கீழும் பார்க்க வேண்டும். கூடு கண்டால் உடனே கங்காணியிடம் சொல்லி, அந்த நிரையை விட்டுவிட வேண்டும். ஒரு தேனீ உங்களைச் சுற்றினால் அறையாதீர்கள், நசுக்காதீர்கள், அமைதியாக விலகுங்கள். ஒன்று கொட்டிவிட்டால் அங்கே நின்று வலியைப் பார்க்காதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு நேரே நடந்து, தேவையானால் ஓடி, கதவுள்ள வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ நுழையுங்கள். தண்ணீரில் குதித்தால் அவை மேலே காத்திருக்கும். பாதுகாப்பான இடம் சேர்ந்ததும் கொடுக்கை உடனே எடுங்கள். நகத்தால் வழிப்பதா, விரலால் பிடுங்குவதா என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எப்படி எடுத்தாலும் விரைவே முக்கியம் என்று 1996-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நஞ்சின் பெரும்பகுதி முதல் சில நொடிகளிலேயே உடலில் இறங்கிவிடும். பிறகு கொட்டுப்பட்ட இடத்தைக் கழுவி, சட்டையை மாற்றுங்கள். மூச்சுத் திணறினாலோ, முகமும் நாக்கும் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ, பல கொட்டுகள் பட்டிருந்தாலோ கை வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு விரைந்து செல்லுங்கள். குளவிகளின் நஞ்சிலும் இத்தகைய அழைப்பு மணம் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே செம்பனைக் காட்டில் குளவிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நேயர்களே, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய வாரத்தில் அந்த மாணவியின் லயத்து வீட்டுக்குச் சென்றோம். அக்கம்பக்கத்தாரும் வந்து உட்கார்ந்தார்கள். பட்லர் கதையையும் ஹூபர் கதையையும் வாழைப்பழ வாசத்தையும் சொன்னோம். முதல் கொட்டு யார் மீது விழுந்திருந்தாலும் படை அவரைத்தான் துரத்தியிருக்கும் என்றோம். தாயார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் அத அடிச்சதுதான் வெனையாப் போச்சுங்களா, வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்லம்மா. யாரா இருந்தாலும் கை தானா அடிக்கத்தான் போகும். நீங்க மட்டும் என்ன செய்வீங்க?" என்றோம்.

அடுத்த வீட்டுப் பாட்டி எழுந்துபோய், அவருக்கும் எங்களுக்குமாகத் தேத்தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தார்.